வீட்டு ஷெட்டில் தனி ஆளா வண்டி பாடியைத் தூக்குறீங்களா? ஜாக்கி தூக்கும், ஆனா தாங்காது... ஏன் தெரியுமா?

சேசிஸ் துருப்பிடித்துவிட்டது. வெல்டிங் வைக்க வேண்டும் என்றால் மேலே இருக்கும் பாடியைக் கழற்றியாக வேண்டும். பட்டறைக்குக் கொண்டு போனால் வண்டி ஒரு வாரம் நிற்கும், லோடும் போகும், காசும் போகும். 'நம்ம ஷெட்டுலயே பாத்துடலாம், ஜாக்கி இருக்கு, கட்டை இருக்கு' என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரம்பிப்பவர்கள் தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் உண்டு.

விருத்தாசலம் - உளுந்தூர்பேட்டை சாலையில் இருக்கும் மங்கலம்பேட்டையும் அப்படிப்பட்ட ஊர்தான். சுற்றுவட்டாரத்தில் கரும்பு ஏற்றும் டிராக்டர் டிரெய்லர்கள், செங்கல், ஜல்லி ஏற்றும் டிப்பர்கள், விருத்தாசலம் பீங்கான் சரக்கு ஏற்றும் 'குட்டி யானை' லோடு வண்டிகள். வண்டிதான் குடும்பத்தின் வருமானம் என்பதால், ரிப்பேர் பாதி வீட்டு வாசலிலேயே நடக்கும்.

இதைத் தனி ஆளாகச் செய்யவே முடியாதா? செய்யலாம். ஆனால் அதற்கு பலத்தைவிட வரிசை முக்கியம். எதை முதலில் வைப்பது, எப்போது அடியில் கை நீட்டுவது, எப்போது நீட்டவே கூடாது என்பதில்தான் உயிர் இருக்கிறது.

ஜாக்கிக்குள்ள என்னதான் இருக்கு?

மூன்று டன் ஜாக்கியை ஒரு கையால் அடித்து வண்டியைத் தூக்கிவிடுகிறோம். எப்படி? பாட்டில் ஜாக்கிக்குள் சின்ன பிஸ்டன் ஒன்று, பெரிய பிஸ்டன் ஒன்று, நடுவில் எண்ணெய். சின்னதன் விட்டம் 1 சென்டிமீட்டர், பெரியதன் விட்டம் 4 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பரப்பளவில் அது 16 மடங்கு. கைப்பிடி நெம்புகோல் இன்னொரு 10 மடங்கு கொடுத்தால், நீங்கள் 20 கிலோ அழுத்தம் கொடுத்தாலே 3 டன்னுக்கு மேல் தூக்கலாம். 17-ம் நூற்றாண்டில் பிரான்ஸ் நாட்டு பாஸ்கல் சொன்ன விதி அவ்வளவுதான்.

தூக்கியாச்சு. இப்போது அந்த எடையை எது பிடித்துக்கொண்டு நிற்கிறது? ஒரு ரப்பர் சீல், ஒரு சின்ன எஃகு குண்டு வால்வு. அந்தக் குண்டுக்கு அடியில் ஒரு மணல் துகள் சிக்கினாலும் எண்ணெய் மெதுவாகத் திரும்பி ஓடும், வண்டி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். சீல் கிழிந்தால் மெதுவாக எல்லாம் இறங்காது.

உண்மையில் சீல் கிழிவதைவிட அதிகம் பயப்பட வேண்டியது சறுக்கலுக்கு. ஜாக்கியின் தலை உள்ளங்கையைவிடச் சின்னது. பாடியின் ஒரு முனையைத் தூக்கும்போது அந்த முனை நேர்மேலே போவதில்லை. மறுமுனையை மையமாக வைத்து ஒரு வளைவில் போகிறது. அதாவது தூக்கத் தூக்க, ஜாக்கியின் தலை தொட்டுக்கொண்டிருக்கும் இடம் பக்கவாட்டில் நகர்கிறது. ஜாக்கி லேசாகச் சாய ஆரம்பிக்கும். கண்ணுக்குத் தெரியும் அளவு சாய்ந்துவிட்டால், அடுத்த இரண்டு அடியில் அது தெறித்துப் போகலாம்.

'விழுந்தா விலகிடலாம்'னு நினைக்கிறீங்களா?

அரை மீட்டர் உயரத்திலிருந்து ஒரு பொருள் தரைக்கு வர ஏறக்குறைய 0.3 நொடி. கண் பார்த்து, மூளை புரிந்து, கை அசையத் தொடங்கவே 0.2 நொடிக்கு மேல் ஆகும். மல்லாந்து படுத்திருக்கும் ஒருவர் மிச்ச நேரத்தில் உருண்டு வெளியே வருவது நடக்காத காரியம். 20 வருட அனுபவம் உள்ள மெக்கானிக்குக்கும் இதே கணக்குதான்.

வாகன ஜாக்கிகளுக்கும் ஸ்டாண்டுகளுக்கும் சட்டப்படி கட்டாயத் தரம் வைத்திருக்கும் நாடு ஆஸ்திரேலியா. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதே என்ற எச்சரிக்கை பொருளின் மேலேயே இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. அந்நாட்டு நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பு கவனித்துச் சொன்ன விஷயம் ஒன்று உண்டு: இப்படி நசுங்கி இறப்பவர்களில் பெரும்பாலானோர் பட்டறைத் தொழிலாளிகள் அல்ல, வீட்டில் தங்கள் வண்டியைத் தாங்களே பார்த்தவர்கள்.

சரி, அப்ப எதுதான் தாங்கும்?

ஸ்டாண்டு. அல்லது குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிய கெட்டி மரக்கட்டைகள். ஜாக்கி ஏற்றிவிடும் ஏணி மாதிரி. ஏறிய பிறகு நிற்பதற்குத் தனியாக ஒன்று வேண்டும்.

ஸ்டாண்டு வாங்கும்போது மேலே எழுதியிருக்கும் டன் கணக்கு ஒன்றுக்கா, ஜோடிக்கா என்று கேட்டு வாங்குங்கள். சில கம்பெனிகள் இரண்டுக்கும் சேர்த்துத்தான் போடுவார்கள். பொதுவாக ஒரு ஜோடி ஸ்டாண்டின் விலை, குட்டி யானைக்கு ஒரு புது டயர் வாங்கும் விலையைவிடக் குறைவுதான். டயருக்குக் கணக்குப் பார்க்காமல் செலவு செய்கிறவர்கள் ஸ்டாண்டுக்கு மட்டும் யோசிப்பது ஏன் என்று தெரியவில்லை.

ஸ்டாண்டு வைத்தாலும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. 2020-ம் ஆண்டு அமெரிக்காவில் ஹார்பர் ஃப்ரைட் என்ற பெரிய டூல்ஸ் நிறுவனம், தான் விற்ற லட்சக்கணக்கான ஸ்டாண்டுகளைத் திரும்பப் பெற்றது. உயரத்தைப் பூட்டும் பல்லும் கொக்கியும் சரியாகக் கவ்வவில்லை, எடை பக்கவாட்டில் நகர்ந்தால் திடீரென்று இறங்கிவிட வாய்ப்பு என்பது காரணம். அதற்குப் பதிலாகக் கொடுத்த ஸ்டாண்டுகளிலும் ஒரு பகுதியை அதே வருடம் வெல்டிங் கோளாறுக்காகத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அதனால் பல் வைத்த ஸ்டாண்டைவிட, துளையில் தடித்த பின் சொருகும் ஸ்டாண்டு நல்லது. பின் முழுசாக அந்தப் பக்கம் வந்திருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். கழற்றிய சக்கரத்தை சும்மா சுவரில் சாய்த்து வைக்காமல் சேசிஸுக்கு அடியில் படுக்க வைத்துவிடுங்கள். மற்றதெல்லாம் கைவிட்டாலும் ஒரு சாண் இடைவெளியாவது மிஞ்சும்.

செங்கல், ஹாலோ பிளாக், பீங்கான்... ஏன் கூடாது?

விருத்தாசலம் பக்கத்துக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். பீங்கான் எப்படி உடையும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பொம்மையும் ஃபியூஸ் கேரியரும் சூளையிலிருந்து எடுக்கும் ஊர். இரும்பு வளையும், மரம் முனகும், நார் பிரியும். பீங்கான் எதுவும் சொல்லாது. நன்றாக இருக்கும், இருக்கும், அடுத்த நொடி இரண்டாக இருக்கும்.

சுட்ட மண்ணும் சிமென்ட் கல்லும் எல்லாமே அப்படித்தான். செங்கல், ஓடு, பீங்கான், சிமென்ட் ஹாலோ பிளாக் எல்லாம் நேராக அழுத்தினால் நிறையத் தாங்கும். ஆனால் இழுத்தாலோ வளைத்தாலோ அந்தத் தாங்கும் சக்தியில் சின்னப் பங்குதான் தேறும். சுவரில் ஒரு கல்லின் முழு மேல்பரப்பிலும் எடை சமமாக இறங்குகிறது, அதனால் நிற்கிறது. வண்டியின் சேசிஸ் விளிம்பு அந்தக் கல்லின் மேல் ஒரு கோடாக உட்காருகிறது. அடியில் ஒரு சின்ன கூழாங்கல் இருந்தால் கல் நடுவில் வளைய முயல்கிறது. அங்கே ஒரு விரிசல் விழுந்தால் அது முழுவதும் ஓடிவிடும். 'வீடே இந்தக் கல்லு மேலதான நிக்குது' என்ற வாதம் இங்கே செல்லாது.

ஹாலோ பிளாக்கைப் படுக்க வைத்து, ஓட்டை பக்கவாட்டில் தெரியும்படி முட்டு கொடுப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். இருப்பதிலேயே மோசமான வழி அது.

கட்டைதான் வைக்கிறீர்கள் என்றால் வேம்பு, கருவேலம் மாதிரி கெட்டி மரத்தில், நான்கு பக்கமும் சதுரமாக அறுத்தது வேண்டும். உருண்டைக் கட்டை வேண்டாம், வெடிப்பு விட்ட கட்டை வேண்டாம். கீழே இரண்டு, அதன் மேல் குறுக்கே இரண்டு என்று அடுக்க வேண்டும். அடுக்கின் உயரம் அதன் அடி அகலத்தைப் போல இரண்டு மடங்கைத் தாண்டக் கூடாது. அடுக்கு சரியும்போது மரம் சத்தம் கொடுக்கும். அந்த ஒரு குணத்துக்காகவே செங்கல்லைவிட மரம் மேல்.

தரையைப் பாத்தீங்களா?

நம் ஊர் ஷெட்டுகளில் பாதி மண் தரை. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறியிருக்கும். ஜாக்கியின் அடிப்பகுதி சின்னது, அவ்வளவு எடையும் அதற்குள் இறங்கினால் ஒரு பக்கமாகப் புதையும். அடியில் தடித்த இரும்புத் தகடோ, அகலமான பலகையோ போடாமல் அடிக்கவே ஆரம்பிக்காதீர்கள். மெல்லிசாகப் பூசிய சிமென்ட் தரையும் அதே கதைதான், உடைந்து உள்ளே போகும். வாசலில் தண்ணீர் வடிவதற்காகச் சரிவு விட்டிருப்பார்கள், அந்தச் சரிவில் வேலையே வேண்டாம். தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை. ஹேண்ட்பிரேக் மட்டும் போதாது, ஏனென்றால் பல வண்டிகளில் அது பின்சக்கரத்தைத்தான் பிடிக்கும். பின்சக்கரத்தை நீங்கள் தூக்கிவிட்டால் அது எதைப் பிடிக்கும்?

ஒரே ஆள் பாடியை எப்படித் தூக்குவது?

இங்கேதான் சூட்சுமம். பாடி 300 கிலோ என்று வைத்துக்கொள்வோம். முழுசாகத் தூக்கினால் 300 கிலோ. எடை சமமாகப் பரவியிருக்கும் பாடியின் ஒரு முனையை மட்டும் தூக்கினால், ஜாக்கிக்கு வருவது 150 கிலோதான். மீதியை மறுமுனை தாங்குகிறது. அதனால் தனி ஆள் ஒருபோதும் முழுசாகத் தூக்கக் கூடாது, தூக்க வேண்டிய அவசியமும் இல்லை.

முதலில் பிரிக்க வேண்டியதைப் பிரியுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் வயர், எர்த் பட்டை, விளக்கு வயரிங், டீசல் டேங்க் பாடியோடு சேர்ந்திருந்தால் அதன் குழாய். ஜீப் மாதிரி முழு பாடி என்றால் ஸ்டீயரிங் தண்டு, பிரேக், கிளட்ச், ஆக்ஸிலரேட்டர் கேபிள்கள் எல்லாம். பிறகு பாடி போல்ட்டுகள், யூ போல்ட்டுகள். இவற்றை எண்ணிக் கழற்றுங்கள், எண்ணிக் கிண்ணத்தில் போடுங்கள். துருவுக்குள் மறைந்த ஒரே ஒரு போல்ட் மிச்சமிருந்தால் என்ன ஆகும்? ஜாக்கி அடிக்க அடிக்க பாடி வராது, வண்டியே சேர்ந்து எழும்பும். அந்த போல்ட் திடீரென்று அறும்போது பாடி துள்ளும், ஜாக்கி பறக்கும். 'ஏன் இவ்வளவு டைட்டா இருக்கு' என்று தோன்றிய அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு டார்ச் எடுத்துத் தேடுங்கள்.

இப்போது பின்முனையை இரண்டு விரல் உயரம் தூக்குங்கள். உடனே இரண்டு பக்கமும் கட்டை. ஜாக்கியை இறக்கி, எடையைக் கட்டையின் மேல் விடுங்கள். முன்முனைக்குப் போங்கள், அங்கேயும் இரண்டு விரல், கட்டை, இறக்கம். திரும்பவும் பின்னால். ஒரு முனை மற்றதைவிட எப்போதும் ஒரு கட்டை உயரத்துக்கு மேல் தூக்கலாக இருக்கக் கூடாது. இது சலிப்பான வேலை, அரை நாள் ஆகும். ஆனால் இந்த முறையில் எந்த நொடியில் ஜாக்கி கைவிட்டாலும் பாடி விழும் தூரம் இரண்டு விரல்தான். கட்டை வைக்கும்போது விரலை அடியில் விடாதீர்கள். கட்டையைப் பக்கவாட்டில் பிடித்து, இன்னொரு கட்டையால் தள்ளுங்கள்.

தேவையான உயரம் வந்ததும் பாடிக்குக் குறுக்காக, சேசிஸைத் தொடாமல், வண்டியின் அகலத்தைவிட நீளமான இரண்டு இரும்புச் சட்டங்களைக் கொடுங்கள். சி சேனல் என்று கேட்டால் இரும்புக் கடையில் கிடைக்கும். சட்டத்தின் நான்கு முனைகளும் வண்டிக்கு வெளியே நான்கு ஸ்டாண்டில் உட்கார வேண்டும். எடை ஸ்டாண்டுக்கு மாறியதும் உள்ளே இருக்கும் கட்டைகளை எடுத்துவிடலாம்.

அடுத்தது பலருக்குத் தோன்றாத விஷயம். பாடியை நகர்த்தாதீர்கள். அது அங்கேயே நிற்கட்டும். சக்கரம் உள்ளது சேசிஸுக்குத்தான், அதை மெதுவாக வெளியே தள்ளுங்கள். வெல்டிங்கை வெளியே, தலைக்கு மேல் ஒன்றும் இல்லாமல் செய்யலாம். யாரும் எதற்கும் அடியில் படுக்க வேண்டிய தேவையே இல்லை. ஆனால் தள்ளுவதற்கு முன் சட்டத்தைக் கையால் பலமாக ஆட்டிப் பாருங்கள். ஆடினால், வெளியில் நிற்கும்போதே ஆடட்டும். தள்ளும்போது சேசிஸ் எந்த ஸ்டாண்டிலும் இடிக்காமல் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். இந்த ஒரு பத்து நிமிடத்துக்காவது பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுங்கள்.

மரக்கிளையில செயின் பிளாக் மாட்டலாமா?

வாசலில் புளிய மரம் இருந்தால் கை அரிக்கும். ஒரு கிளை எவ்வளவு தாங்கும் என்று யாராலும் வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. உள்ளே பொந்து இருக்கும், கரையான் இருக்கும். ஷெட்டின் கூரைக் குழாயும் வேண்டாம். அது தகரத்தையும் காற்றையும் தாங்கப் போட்டது. நடுவில் 300 கிலோ தொங்கினால் மடங்கும்.

கிராமங்களில் போர்வெல் மோட்டார் தூக்க வைத்திருக்கும் மூன்று கால் முக்காலி, செயின் பிளாக்கோடு வாடகைக்குக் கிடைக்கும். அது பரவாயில்லை. மூன்று கால்களையும் கீழே சங்கிலியால் ஒன்றோடொன்று கட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் எடை ஏறும்போது கால்கள் அகன்று படுத்துவிடும்.

கயிறு அல்லது பெல்ட் கட்டும் கோணத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. 300 கிலோ பாடியை இரண்டு பெல்ட்டில் தொங்கவிடுகிறோம். பெல்ட் செங்குத்தாக இருந்தால் ஆளுக்கு 150 கிலோ. கிடைமட்டத்திலிருந்து 60 டிகிரியில் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் 173 கிலோ. உயரம் பற்றவில்லை என்று பெல்ட்டை அகலமாக விரித்து 30 டிகிரிக்குக் கொண்டுவந்தால், ஒவ்வொரு பெல்ட்டும் முழு 300 கிலோவை இழுக்கும். 'ரெண்டு பெல்ட் போட்டிருக்கோமே' என்று நினைப்போம், கணக்கில் ஒன்றுதான் இருக்கும். 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 29-வது பிரிவு தூக்கும் இயந்திரம், சங்கிலி, கயிறு எல்லாவற்றையும் 12 மாதத்துக்கு ஒரு முறையாவது தகுதியானவர் சோதிக்க வேண்டும் என்று எழுதியது. வீட்டு ஷெட்டில் அந்த வேலையைச் செய்ய வேறு ஆள் இல்லை. கொக்கியின் வாய் விரிந்திருக்கிறதா, பெல்ட்டின் ஓரம் கிழிந்திருக்கிறதா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

டிப்பர் வெச்சிருக்கவங்க கவனிங்க

டிராக்டர் டிப்பரின் தொட்டியைத் தூக்கி நிறுத்திவிட்டு அடியில் கிரீஸ் வைக்கப் போவது, மேலே சொன்ன எல்லாவற்றையும்விட ஆபத்து. அங்கே ஜாக்கியும் அதுதான், ஸ்டாண்டும் அதுதான். ஹோஸ் வெடித்தால் ஒன்றரை டன் இரும்பு அப்படியே இறங்கும். ஹோஸ் வெடிக்கவே வேண்டாம், டிராக்டர் மேல் ஏறி விளையாடும் பிள்ளை லீவரைத் தட்டினால் போதும்.

அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு விதியில், டிப்பர் பாடியைத் தூக்கி வேலை பார்க்கும்போது அது தவறி இறங்காதபடி பூட்டும் தாங்கு கம்பி வண்டியிலேயே நிரந்தரமாகப் பொருத்தியிருக்க வேண்டும் என்று இருக்கிறது. நம் ஊர்ப் பட்டறைகளில் கட்டும் டிரெய்லர்களில் பல சமயம் அந்தக் கம்பி இருக்காது, இருந்தாலும் இடைஞ்சல் என்று வெட்டி எடுத்திருப்பார்கள். டிரெய்லர் கட்டக் கொடுக்கும்போதே கேட்டு வையுங்கள். இருக்கும் டிரெய்லருக்கு வெல்டரிடம் கொடுத்து, தொட்டியோடு கீல் போட்ட கம்பியாகச் செய்துகொள்ளுங்கள், அப்போதுதான் அது வீட்டில் மறந்து கிடக்காது. காலித் தொட்டிக்கு மட்டும்தான் கம்பி. கம்பி கொடுத்ததும் இன்ஜினை நிறுத்தி, சாவி உங்கள் பாக்கெட்டில். தூக்குவதற்கு முன் ஒரு தடவை மேலே பாருங்கள், மின்கம்பி போகிறதா என்று.

யாராவது சிக்கிட்டா என்ன பண்றது?

நெஞ்சு அமுங்கியிருந்தால் மூச்சு விட முடியாது, கத்தவும் முடியாது. தனியாக வேலை பார்ப்பதில் உள்ள உண்மையான ஆபத்து இதுதான். ரத்தம் ஒரு சொட்டு வராமலே சில நிமிடங்களில் உயிர் போய்விடும். அதனால் வேலைக்கு இறங்கும் முன் வீட்டில் சொல்லுங்கள், கால் மணி நேரத்துக்கு ஒரு முறை குரல் கொடுக்கச் சொல்லுங்கள். போனை மேஜையில் வைக்காமல் கை எட்டும் சட்டைப் பையில் வையுங்கள். 'அவரு ஷெட்டுல இருக்காரு' என்று வீட்டார் ஒரு மணி நேரம் எட்டிப் பார்க்காமல் இருப்பதுதான் பயம்.

நெஞ்சில் எடை இருந்தால் காத்திருக்க நேரம் இல்லை. இன்னொரு ஜாக்கி, கடப்பாரை, நான்கு ஆட்கள், எது கிடைத்தாலும் உடனே எடையைத் தூக்க வேண்டும், தூக்கியதும் கட்டை கொடுக்க வேண்டும். ஆளைக் காலைப் பிடித்து இழுக்காதீர்கள், முதுகெலும்பு முறிந்திருக்கலாம். ஒருவர் தூக்கும்போதே இன்னொருவர் 108-க்கு ஆம்புலன்ஸும் 101-க்குத் தீயணைப்பு மீட்புப் பணியினரும் கேட்டு அழைக்க வேண்டும்.

கால் அல்லது தொடை மட்டும் நீண்ட நேரம் சிக்கியிருந்தால் விஷயம் வேறு. 1941-ல் லண்டன் குண்டுவீச்சில் இடிபாடுகளுக்குள் கிடந்து மீட்கப்பட்டவர்கள், நன்றாகப் பேசிக்கொண்டிருந்து சில நாட்களில் சிறுநீரகம் செயலிழந்து இறந்ததை மருத்துவர் எரிக் பைவாட்டர்ஸ் பதிவு செய்தார். நசுங்கிய தசையிலிருந்து பொட்டாசியமும் வேறு கழிவுகளும் ஒரே நேரத்தில் ரத்தத்தில் கலப்பதுதான் காரணம். அதனால் எத்தனை மணிக்கு சிக்கினார், எத்தனை மணிக்கு எடுத்தோம் என்ற நேரத்தை 108 ஊழியரிடம் மறக்காமல் சொல்லுங்கள். 'கால்ல வீக்கம்தான், ஒத்தடம் கொடுத்தா சரியாயிடும்' என்று வீட்டிலேயே வைத்திருக்காதீர்கள். சிறுநீர் டீ டிக்காஷன் நிறத்தில் போனால் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கடைசியா ஒரு சந்தேகம்: பாடியைக் கழற்ற ஆர்டிஓ அனுமதி வேணுமா?

ரிப்பேருக்குக் கழற்றி அதே பாடியைத் திரும்ப மாட்டுவதற்குத் தேவையில்லை. கழற்றியதுதான் கழற்றினோம் என்று நீளத்தைக் கூட்டுவது, பக்கப் பலகையை உயர்த்துவது, வேறு வகை பாடி மாட்டுவது எல்லாம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுக்குள் வரும். பதிவுச் சான்றில் உள்ளதற்கு மாறாக இருந்தால் எஃப்சி எடுக்கும்போது சிக்கும், விபத்து நடந்தால் இன்சூரன்ஸும் இழுக்கும். ரிப்பேருக்கு முன்னால் நான்கு பக்கமும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப மாட்டும்போது எந்த வயர் எங்கே போகிறது என்று பார்க்கவும் அந்தப் படம் உதவும்.